கயிற்றில் மாட்டிய ஹாமர்

அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கௌபாய் படத்துப் போலீஸ் மாதிரி ஷெரிஃப் என்று கூப்பிட ஆரம்பித்தது கடையில் கொள்ளை நடந்த பிறகு.

டல்லாஸ் பக்கம், காப்பெல் என்கிற ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சின்னக் கடை அவருடையது. ப்ளஸ் டூவில் கோட்டை விட்ட நான் அங்கே கல்லாவில் நின்றேன். முகமூடிக்காரன் ஒருவன் கல்லாவை வழித்துக்கொண்டு போனதும், மாமா லைசென்ஸ் எடுத்து, குட்டி ரிவால்வர் ஒன்று வாங்கி, சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீங்க உயிரோட வீட்டுக்கு வந்தா போதும், இந்தச் சனியன் வேணாம்" என்று அக்கா அழுதாள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

ரிவால்வரின் பின்பக்கம், கட்டைவிரலால் இழுக்கிற ஹாமர், கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் குல்லா போட்ட பையன் ஒருவன் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டான். மாமா துப்பாக்கியை உருவினார். வரவில்லை. கொக்கி அவருடைய அரைஞாண் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தது. இவர் இடுப்போடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அந்தப் பையன் பர்ஸை எடுத்து, சூயிங் கம்முக்குக் காசு கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டான்.

"ஷெரிஃப், மொதல்ல அந்தக் கயித்த அவுத்துட்டு வாங்க."

"வாய மூடுடா. எங்கம்மா கட்டி விட்டது. செத்தாதான் அத அறுக்கணும்."

"அப்ப எத அறுக்கறதா ஐடியா?"

"இந்தக் கொக்கியத்தான்."

அந்த வாரமே துப்பாக்கி ரிப்பேர்காரனிடம் கொடுத்து, கொக்கியை வெட்டி வழவழவென்று தேய்த்து வாங்கி வந்தார். கண்ணாடி முன்னால் நின்று உருவி உருவிப் பார்த்தார். எண்ணெய் தடவினது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாத்தியாடா ஸ்பீட?"

"கண்ணாடியில இருக்கறவரு பயந்துட்டாரு மாமா."

குளிர் தொடங்கியதும் ஒரு காலையில், தினமும் எங்களிடம் காபி வாங்குகிற வெள்ளைக்காரத் தாத்தா மூக்கு வரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். கோட்டுக்குள் கையை விட்டார். இந்தத் தடவை எதிலும் மாட்டவில்லை. தாத்தா காபி கூப்பனை வெளியே எடுக்கும்போது துப்பாக்கி அவர் முகத்துக்கு நேரே இருந்தது. மாமா சுடவில்லை. தாத்தா அங்கேயே பேன்ட்டை நனைத்துக்கொண்டார். வெளியே போய் போலீஸைக் கூப்பிட்டார். தப்பு சொல்ல முடியுமா? வந்தவர்கள் மாமாவுக்கு விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா பெயிலில் எடுத்தாள். காரில் ஏறினதிலிருந்து மாமாவின் கை இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

"பெல்ட்டு, ஷூ லேஸ் எல்லாம் திருப்பிக் குடுத்துட்டான். உள்ள கயிறே இருக்கக் கூடாதாம். கத்தரிக்கோல வச்சு நறுக்குன்னு..."

அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

"எங்கம்மாகிட்ட ஜெயிலுக்குப் போனேன்னு வேணா சொல்லிக்கோ. கயித்த அறுத்தாங்கன்னு மட்டும் சொல்லிடாத." அக்கா பக்கம் திரும்பி, "வீட்ல கறுப்புக் கயிறு இருக்கா?" என்றார்.

"உங்கம்மாவையே வந்து கட்டச் சொல்லுங்க" என்றாள் அக்கா, ஃப்ரீவேயில் ஏறிக்கொண்டே.