பதினொரு நிமிட ஸ்க்ரம்

இருபது கிலோ வெங்காயத்தை உரித்து வளையம் வளையமாக நறுக்கி முடிக்கக் கெரின் பாஸ்கோவுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகும். டல்காரா ரக்பி கிளப்பின் சமையலறையில் சனிக்கிழமை தோறும் அது அவள் வேலை. யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், சும்மா நிற்கிறாளே என்று நோரீன் ஒரு கத்தியை நீட்டினாள், அவ்வளவுதான். நடுவில் நான்கு வருஷம் கெரின் சிட்னியில் குடியிருந்தாள். திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, எங்கே இருந்தாய், எப்படி இருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் நோரீன் அதே கத்தியை நீட்டினாள்.

கண் எரியாமலிருக்க கெரின் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொள்வாள். நீல நிறம், ரப்பர் பட்டை வைத்தது. ஊரே அதைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டது. ஆனால் இன்றைக்கு ஒன்றரை மணி நேரமாகியும் மூட்டையில் பாதி அப்படியே கிடந்தது.

"என்னடி, கை ஓடல? வெங்காயத்தோட பேசிக்கிட்டிருக்கியா?" என்றாள் நோரீன். அவளுக்கு அறுபத்தெட்டு வயது. கிளப்பின் ரொட்டி, சாசேஜ், தேநீர், வம்பு நான்கும் அவள் பொறுப்பு.

"ராத்திரி டியூட்டி பார்த்துட்டு வந்தேன். தூக்கமில்ல."

"தூக்கமில்லாதவ மூஞ்சி இப்படி இருக்காது. இது திருடினவ மூஞ்சி."

கெரின் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நோரீன் சொன்னது பாதி உண்மை.

கெரின் டப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவன் ஹேமிஷை அவள் முதலில் பார்த்தது அங்கேதான். புருவம் கிழிந்து, ரத்தம் காய்ந்து, முழங்கால் வரை சேறோடு வந்தான். டாக்டர் தையல் போடும்போது தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அவள் வேலை. பிடிப்பதற்குக் கழுத்து என்று தனியாக ஒன்று அவனுக்கு இல்லை. காதுக்குக் கீழே நேராகத் தோள் தொடங்கியது. "எங்க பிடிக்கறதுன்னே தெரியலையே" என்று அவள் சொல்ல, "எதிராளிங்களும் அதையேதான் சொல்றாங்க" என்றான் அவன். கிளப்பில் அவனுக்குப் பெயர் ஃப்ரிட்ஜ்.

அவன் ஆடுவது முன்வரிசையில். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்து, தோள் கொடுத்து, மாடு முட்டுவதைப் போல முட்டித் தள்ளுகிறார்களே, அந்த ஸ்க்ரமின் இடது மூலை அவனுடையது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். முன்வரிசைக்காரனுக்குக் கிடைப்பது வீங்கிய காது. சிட்னி அணி நான்கு வருஷம் அவனை வைத்திருந்தது. பெரும்பாலும் கடைசி இருபது நிமிஷம் மட்டும் இறக்கிவிட்டது. "பலசாலிதான், ஆனா மெதுவு" என்று டிவியில் பேசுகிறவர்கள் சொன்னார்கள். நாட்டுக்காக ஆடும் தங்க நிறச் சட்டைக்கான முகாமுக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் ஒரு தொப்பியும் ஒரு தோள்பையும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். போன அக்டோபரில் அணியைச் சுருக்கியபோது அவன் பெயர் இல்லை. சம்பளம் கொடுக்கும் அணிகள் நாடு முழுக்க நான்கே நான்கு. மற்ற மூன்றிலும் இடது மூலைக்கு ஆள் இருந்தது. இருபத்தேழு வயதில் அவன் அப்பாவின் கோதுமை நிலத்துக்கு டிராக்டர் ஓட்டவும், சனிக்கிழமைகளில் டல்காராவுக்கு ஆடவும் வந்து சேர்ந்தான். யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்தது. ஹேமிஷ் இரண்டாம் தட்டு வேண்டாமென்றால் விஷயம் பெரியது என்று கெரினுக்குத் தெரியும்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

சிட்னியில் இருந்தபோது ஹேமிஷ் ஒரு நாள் கேட்டிருந்தான்: "கெர், ஸ்க்ரம் நடக்கும்போது பக்கவாட்டுல நின்னு போன்ல எடேன். என் இடுப்பு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பார்க்கணும். டிவில அதைக் காட்ட மாட்டானுங்க." ஸ்க்ரம் என்றாலே டிவிக்காரர்கள் பழைய ஓட்டத்தைத் திருப்பிக் காட்டுவார்கள், அல்லது கூட்டத்தில் கொடி ஆட்டும் குழந்தையைக் காட்டுவார்கள். அதனால் அவள் எடுத்தாள். நான்கு வருஷம், மழையிலும் வெயிலிலும், கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து எடுத்தாள். முதலில் அவளுக்கு அது பதினாறு பேரின் குவியலாகத்தான் தெரிந்தது. போகப் போக, யார் தோளை இறக்குகிறான், யார் கள்ளத்தனமாக உள்ளே சாய்கிறான், எவனுக்கு முதுகு வலி என்பதெல்லாம் அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.

நவம்பரில், ஆஸ்பத்திரி ஓய்வறையில் உட்கார்ந்து, இருநூறுக்கு மேல் இருந்த துண்டுகளிலிருந்து இருபத்து மூன்று ஸ்க்ரமைப் பொறுக்கி ஒன்றாக ஒட்டினாள். பதினொரு நிமிஷப் படம். ஓட்டமில்லை, பாட்டில்லை, கைதட்டலில்லை; முட்டல் மட்டும். போனே மொழிபெயர்த்துக் கொடுத்த பிரெஞ்சில் நாலு வரி எழுதி, பிரான்ஸில் சின்ன ஊர்களாகப் பார்த்து பதினாலு கிளப்புகளுக்கு அனுப்பினாள். ஹேமிஷின் முகவரியையும் சேர்த்திருந்தாள். பதின்மூன்று பேர் வாய் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, இப்போது மே மாதத்தில், மொர்வியாக் என்ற ஊரின் ஸ்க்ரம் பயிற்சியாளர் கஸ்டோன் நேராக ஹேமிஷுக்கே எழுதிவிட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தம், ஜூலையில் வர வேண்டும் என்று.

ஹேமிஷ் அந்தக் கடிதத்தை மூன்று முறை உரக்கப் படித்தான். "எவனோ ஒருத்தன் பழைய மேட்ச்செல்லாம் தேடிப் பார்த்து என்னைக் கண்டுபிடிச்சிருக்கான் கெர்! என்னை!" என்றான். அன்றைக்கு மூன்று தட்டு சாப்பிட்டான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, கண்டுபிடித்தது எவனோ இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு வாரம் ஓடிவிட்டது. சிட்னி அணியும் சும்மா இருக்கவில்லை. செய்தி கசிந்ததும், "அடுத்த சீசனுக்குப் பயிற்சிக் குழுவில் சேர், தங்கச் சட்டைக்கும் வாய்ப்பிருக்கலாம்" என்று ஒரு தூண்டில் போட்டது. வெளிநாட்டுக்குப் போய்விட்டால் ஹேமிஷ் போன்றவனை அந்தச் சட்டைக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவன் ஒரு நாள் போகலாம் என்பான், மறுநாள் இருக்கலாம் என்பான். இன்றைக்கு மாலை ஆறு மணிக்குக் கஸ்டோன் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்; பதிலும் அப்போதே வேண்டுமாம். படத்தைப் பற்றி அவர் பேசாமல் இருக்க மாட்டார். அதற்கு முன்னால் கெரின் சொல்லியாக வேண்டும். சொன்னால், கண்டெடுக்கப்பட்டவன் என்ற அந்த நிமிர்வு போய், சிட்னி போட்ட தூண்டிலைக் கவ்விக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவானோ என்று பயம்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமனார் மெர்வ் உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"விதைப்பு நின்னு போச்சு. இந்த மழைக்கு நன்றி சொல்றதா, திட்டறதா தெரியல" என்றவர், கையைக் கழுவிவிட்டுப் பெரிய தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டின் முன் நின்றார். வெங்காயம் வதக்குவது அவர் வேலை. அவரும் பதினேழு வருஷம் டல்காராவுக்கு முன்வரிசையில் ஆடியவர். இரண்டு காதும் முட்டி முட்டி வீங்கிய முட்டைக்கோஸ்.

"கருகாம பாருங்க மெர்வ்."

"நீ பிறக்கறதுக்கு முன்னாலேர்ந்து வதக்கறேன் கண்ணு." கொஞ்ச நேரம் கிளறினார். "ஆறு மணிக்கு அந்தப் பிரெஞ்சுக்காரன் கூப்பிடறானாமே."

"ஆமா."

"மண்ணைக் கவ்வினாலும் இங்கேயே கவ்வணும். இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா தங்கச் சட்டை. அவன் மண்டைல இந்த வெளிநாட்டு ஆசையை ஏத்தினது நீதானே?"

கெரின் நீச்சல் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் விழுந்திருந்தது.

"மண்டைல எதையும் ஏத்தல மெர்வ். படத்தை அனுப்பினது நான். அவனுக்குத் தெரியாது."

மெர்வின் கரண்டி நின்றது. நோரீனின் வாயும் நின்றது, அது அபூர்வம்.

"என்ன படம்?"

அவள் போனைத் துடைத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, திட்டுவதற்குத் தயாரான முகத்தோடு பார்க்க ஆரம்பித்தார். முதல் ஸ்க்ரம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. திட்டு வரவில்லை. மூன்றாவதில் அவருடைய தோளே லேசாக இறங்கியது. இரும்புத் தட்டில் வெங்காயம் புகைய ஆரம்பித்தது. நோரீன்தான் ஓடி வந்து கிளறினாள்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று எட்டிப் பார்த்தவள், "அடி பாவி! நாலு வருஷமாப் புருஷன் பின்பக்கத்தையே படம் பிடிச்சு வச்சிருக்காளே இவ!" என்றாள்.

மெர்வ் சிரிக்கவில்லை. பதினொரு நிமிஷமும் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மகனின் எல்லா ஆட்டத்தையும் டிவியில் பார்த்தவர் அவர். மகன் செய்யும் வேலையை இப்போதுதான் பார்க்கிறார்.

"நாலாவதை ஏன் சேர்த்த?" என்றார் கடைசியில். "அதுல அவனுக்கு இடது கால் வழுக்குது. அசிங்கம்."

"கஸ்டோன் கடிதத்துல அது ஒண்ணைத்தான் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தார். வழுக்கியும் விழாம நின்னானே, அதுக்காக. எந்த மேட்ச்சுல பார்த்தாருன்னு ஹேமிஷ் இன்னும் யோசிச்சிட்டிருக்கான்."

மெர்வ் போனைத் திருப்பிக் கொடுத்தார். "விஷயம் தெரிஞ்ச ஆளுதான்" என்று முனகினார். பிறகு, "நீயே சொல்லிரு அவன்கிட்ட. அந்தாளு வாயால கேட்டான்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். முன்வரிசைக்காரனுக்கு உடம்பெல்லாம் ரோஷம்."

ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கி, பாதிக்கு மேல் சேற்றிலேயே நடந்தது. டல்காரா ஜெயித்தது. ஒவ்வொரு ஸ்க்ரமுக்கும் கெரின் வழக்கம்போலக் கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்; இன்றைக்கு மெர்வும் கூடவே ஓடி, பக்கவாட்டில் அவளுக்கு அருகில் குந்தினார். முட்டி வலிக்க, எழுந்திருக்க அவளே கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஐந்தரைக்கு ஹேமிஷ் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான். காதில் பஞ்சு. ரொட்டிக்குள் இரண்டு சாசேஜை வைத்து வாயில் திணித்தான். வாய் நிறைந்திருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லதென்று கெரினுக்குப் பட்டது. உடனே பேச முடியாதல்லவா. சொன்னாள். நவம்பர், ஓய்வறை, இருபத்து மூன்று, பதினாலு கிளப், எல்லாம்.

அவன் மென்று விழுங்குவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"அப்ப என்னை யாரும் கண்டுபிடிக்கல."

"ஏன், நான் யாரு? தெருவுல போறவளா?"

"அதில்ல கெர். நீ என் பொண்டாட்டி. நீ சொன்னா அது சிபாரிசு."

"சிபாரிசா? பதினாலு பேருக்கு அனுப்பினேன். பதின்மூணு பேர் பார்த்துட்டுத் தூக்கிப் போட்டாங்க. ஒருத்தர் பார்த்துட்டு ஆறு மாசம் யோசிச்சு எழுதினார். அவர் எனக்கு மாமனா, மச்சானா? நான் ஒரு வரி உன்னைப் புகழல. 'இவர் ஸ்க்ரம் ஆடுவார், பார்க்கவும்'னுதான் எழுதினேன். அதுவும் போன் எழுதிக் கொடுத்த பிரெஞ்சு. 'இவர் ஆடுகளைத் தள்ளுவார்'னு போயிருந்தாலும் போயிருக்கும்."

ஹேமிஷின் வாயோரம் துடித்தது. சிரிப்பை அடக்கத்தான் பார்த்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"வேண்டாம்னிருப்பேன்."

"அதான்."

மெர்வ் தட்டைச் சுரண்டிக்கொண்டே, முதுகைத் திருப்பாமல், "நாலாவதுல உனக்கு இடது கால் வழுக்குது" என்றார்.

"அது நியூகாசில்ல ஆடினதுப்பா, தரையெல்லாம் சேறு... நீ பார்த்தியா?"

"ரெண்டு தடவை." கொஞ்சம் சுரண்டினார். "பதினெட்டாவது நல்லாருக்கு. அதை நானே ஆடியிருந்தா ஊர்ல தலைகால் புரியாம திரிஞ்சிருப்பேன்."

அப்பா தன் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி ஹேமிஷ் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டான். பிறகு கெரினைப் பார்த்து, "உன் வேலை?" என்றான்.

"என் படிப்பு அங்க அப்படியே செல்லாது. பாஷை கத்துக்கிட்டு, பரீட்சை எழுதணும். டப்போ போற வழியெல்லாம் கார்ல பிரெஞ்சு டேப் ஓடுது, நீ கவனிக்கலையா? கங்காருங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லியாச்சு."

"அது ஏதோ யோகா வகுப்புன்னு நினைச்சேன்."

"யோகாவாம், மூஞ்சி" என்றாள் நோரீன்.

மணி ஆறாக ஐந்து நிமிஷம் இருந்தது. ஹேமிஷ் கையைத் துடைத்துக்கொண்டு, வெங்காயப் பலகையின் மீது போனைச் சாய்த்து நிறுத்தினான். தலைமுடியை ஒதுக்கினான். ஒதுக்குவதற்கு அதிகம் இல்லை.

"போறேம்பா" என்றான். "போனா தங்கச் சட்டை கிடையாது. அதோட சரி."

கெரின் மாமனாரின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு ஒரு முறை ஏறி இறங்கியது.

"எனக்கும்தான் கிடைக்கல" என்றார் மெர்வ். "செத்தா போயிட்டேன்? சும்மா உட்கார வச்சு தொப்பி கொடுக்கறவனுக்காகக் காத்திருக்கறதுக்கு, ஆட்டத்துக்குக் கூப்பிடறவன்கிட்ட போ."

போன் அடிக்க ஆரம்பித்தது. ஹேமிஷ் விரலை நீட்டினான். கெரின் அவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். திரையில் வழுக்கைத் தலையோடு, சட்டைப் பொத்தான் பிதுங்க, ஒரு பெரிய முகம் வந்து நிறைந்தது. வந்ததும் ஹேமிஷை விட்டுவிட்டு அவளைத்தான் முதலில் பார்த்து, இரண்டு கையையும் விரித்து, "மதாம்!" என்று கத்தியது.

மெர்வ் வதக்கிய வெங்காயத் தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். வெளியே ரொட்டிக்கு ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். கதவருகே போனவர் திரும்பி, யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாகக் கேட்டார்:

"நமக்கு அறுப்பு டிசம்பரோட முடிஞ்சிரும். ஜனவரில அந்த ஊர் எப்படி, ரொம்பக் குளிருமோ?"

மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.