பேர் தெரியாத உளுவை

மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் சாயங்காலம் கிளம்பிவிடும். அதற்குள் கலைச்செல்வி ஒரு மீனின் வயிற்றைப் பார்த்தாக வேண்டும்.

மீன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மணல் நிறம். கணவன் எழிலரசன் ஆசையாக வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியில், யாரும் வாங்கிப் போடாமலே ஒருநாள் காலையில் தென்பட்டது. அந்த வாரமே மாமனார் விநாயகம் ஊரையொட்டிய கோட்டைமலைப் பக்கம் ஆடு மேய்க்கப் போய், வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மழையில் பாசி பிடித்த பாறையில் தேய்ந்த செருப்போடு ஏறினால் யாராக இருந்தாலும் விழத்தான் செய்வார்கள். மாமியார் கமலாம்பாளின் கண்ணில் பாசி படவில்லை. மருமகள்தான் பட்டாள்.

கலைச்செல்வி காலனியில் பிறந்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். சாதியைச் சொல்லித் திட்டினால் வழக்கு வரும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டில் ‘வெளியிலருந்து வந்தது’ என்பார்கள். பருப்பு கருகினாலும் அதுதான் காரணம், பசு சினை பிடிக்காவிட்டாலும் அதுதான். இப்போது மீன்.

“ஏரியிலயும் இல்லாத, கடல்லயும் இல்லாத மீனு. எவளோ செஞ்சு வுட்டிருக்கா. மலையனூர் அங்காளம்மா சன்னதில சூடம் அடிச்சா தெரிஞ்சுடப் போவுது” என்றாள் கமலாம்பாள்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘நான் செய்யவில்லை’ என்று சத்தியம் பண்ணுவதுதான் சூடம் அடிப்பது. திருட்டுப் பட்டம் சுமந்தவர்கள் செய்வது. அமாவாசைக் கூட்டம் பார்க்க, இன்றைக்கு அவள் செய்ய வேண்டுமாம்.

அதைவிட எழிலரசன் காலையில் சொன்னதுதான் சுட்டது. “ஒரு சூடந்தானே. அடிச்சுட்டு வந்துட்டா அம்மா வாய் அடங்கிடும்.”

மீன் வளர்ப்போர் வாட்ஸப் குழுவில் படம் போட்டிருந்தாள். விஷ மீன், கொன்றுவிடு என்றார் ஒருவர். ராமநாதபுரத்து லாரன்ஸ் என்பவர்தான் உருப்படியாகக் கேட்டார். “வயித்துப் பக்கம் படம் இருக்காம்மா? அடித்துடுப்பு ரெண்டும் ஒட்டிக் கிண்ணம் மாதிரி இருந்தா உளுவை இனம். தனித்தனியா இருந்தா வேற.”

மீனோ கல்லிடுக்கை விட்டு வருவதாக இல்லை. டார்ச் அடித்தால் இன்னும் உள்ளே போனது. இறால் துணுக்கைக் குச்சியில் குத்திக் கண்ணாடியோரம் நீட்டிக் காத்திருந்தாள். கை மரத்துப்போனது. தெருவில் பஸ்ஸுக்குப் போகிறவர்களின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. கமலாம்பாள் புடவை மாற்றி, கற்பூரப் பையோடு பின்னால் வந்து நின்றாள்.

“இன்னா, மந்திரிக்கிறியா?”

“தீனி வைக்கிறேன் அத்த.”

மீன் பாய்ந்து இறாலைக் கவ்வி, கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொண்டது. வயிறு தெரிந்தது. துடுப்பு இரண்டும் சேர்ந்து ஒரு குட்டிக் கிண்ணம். படம் எடுத்து, குழுவில் போட்டுவிட்டு, பெரிதாக்கி மாமியாரிடம் நீட்டினாள்.

“ஏரி உளுவய ஆயறப்ப வயித்துல இப்டி பாத்திருக்கீங்களா அத்த?”

ஏரி வற்றும் கோடையில் கூடை கூடையாக உளுவை ஆய்ந்தவள் கமலாம்பாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “சட்டியில ஒட்டிக்குமே சனியன். உளுவதான்” என்றுவிட்டு, சொன்னதை விழுங்கவும் முடியாமல் நின்றாள்.

“இது கடல் உளுவ. தொட்டிக்கு மரக்காணத்துலருந்து கடல்தண்ணி எடுத்தாந்தோமே, அதுல குஞ்சா வந்திருக்குது.”

“வடிகட்டித்தானே ஊத்துனேன்” என்றான், வாசலிலிருந்து உள்ளே வந்த எழிலரசன்.

“எதுல?”

“நைனாவோட பழைய வேட்டியில.”

அவனே போய்க் கொடியிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் விரித்தான். நைந்து, சல்லடையாக இருந்தது. மடித்து வைத்தான்.

கமலாம்பாள் விடவில்லை. “உளுவயில இன்னா உளுவ? பேரச் சொல்லு.”

லாரன்ஸின் பதில் வந்திருந்தது: உளுவை நிச்சயம், எந்த உளுவை என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஏகப்பட்டது இருக்கிறது. வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் கலைச்செல்வி தப்பித்திருப்பாள்.

“தெரியல அத்த.”

“தெரியலல்ல? அப்ப சூடம் அடி. தப்பு பண்ணாதவளுக்கு இன்னா பயம்?”

“பேரு தெரியலன்னா தேடணும். என் கைய ஏன் சுடணும்? தண்ணிய மொண்டாந்தது உங்க புள்ள. அவர அடிக்கச் சொல்லுங்க.”

எழிலரசன் அம்மாவின் பையிலிருந்து கற்பூரப் பொட்டலத்தை எடுத்தான். “சரி, நானே அடிக்கிறேன்.”

கமலாம்பாள் வெடுக்கென்று பிடுங்கினாள். “கை வெந்துடும்டா.”

“அவளுக்கு வேவாதா?”

கமலாம்பாள் இருவரையும் பார்த்தாள். பையை இடுக்கிக்கொண்டு, தனியாகவே பஸ்ஸுக்கு நடந்தாள்.

எழிலரசன் மனைவியின் பக்கம் திரும்பி லேசாகச் சிரிக்கப் பார்த்தான். கலைச்செல்வி சிரிக்கவில்லை.

“இத ஏன் காலைல கேக்கல?” என்றாள்.