கர்க்கடகத்தில் நிறுத்திய மாத்திரை

முதலில் ஒரு தேங்காய் கையிலிருந்து நழுவியது.

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சாரியில் எங்களுக்கு ஒரு சின்னத் தேங்காய்க் கடை. கோயிலில் உடைப்பதற்கு வாங்குகிறவர்கள் நல்ல காயா என்று கேட்பார்கள். காதோரம் ஆட்டிப் பார்த்து, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுப்பேன். என் கையைத் தாண்டி அழுகல் காய் போகாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அன்று காலை அப்படித் தட்டியபோது முட்டியிலிருந்து மணிக்கட்டு வரை வலி ஓடியது. காய் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

"பிள்ளையாரு இங்ஙனயே வாங்கிட்டாரு அக்கா" என்று வாடிக்கைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது.

ஒரு மாதத்துக்குள் இரண்டு கைகளிலும் விரல்கள் தொடங்கும் இடம் வீங்கிவிட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. சேலைக் கொசுவத்தைப் பிடிக்க முடியாது. பற்பசைக் குழாயை என் கணவர் பிதுக்கித் தருவார். ஒன்பது மணிக்கு மேல்தான் கை கையாக இருக்கும். அதற்குள் கடையில் காலைக் கூட்டம் பாதி போயிருக்கும்.

பரிசோதனைகள் முடிந்து டாக்டர் பெயரைச் சொன்னார்: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைப் பகையாக நினைத்துத் தாக்கும் முடக்குவாதம்). தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். மூன்று மருந்துகள் எழுதினார். தினமும் போட ஒரு சிறிய வெள்ளை மாத்திரை, பிரெட்னிசலோன் (வீக்கத்தை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு). சில வாரங்களுக்கு மட்டும், படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட மெத்தோட்ரெக்ஸேட் (எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைத்து மூட்டைக் காக்கும் மருந்து). அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் என்னும் வைட்டமின்.

இவ்வளவையும் மலையாளத்தில் மூன்று நிமிடத்தில் சொன்னார். என் மலையாளத்தில் குறை ஒன்றும் இல்லை, கடையில் நாள் முழுக்க அதுதான். ஆனால் பயந்து போனவளுக்கு எந்த மொழியும் காதில் ஏறாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் கணவர் மெத்தோட்ரெக்ஸேட்டின் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து வாசித்தார். கல்லீரல். நுரையீரல். ரத்த அணுக்கள். வாய்ப்புண். முடி உதிர்தல். போதாக்குறைக்குப் பெரிய அளவில் கொடுத்தால் இது புற்றுநோய்க்கான மருந்து. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டியை நாங்கள் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

வெள்ளை மாத்திரை வேறு கதை. மூன்றாம் நாள் காலையில் கண் விழித்து, பழக்கத்தில் விரலை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். வலி இல்லாத ஒரு காலை எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

என் கணக்கு உங்களுக்குப் புரியும். பயமுறுத்துகிற மருந்தை விட்டேன், சுகம் தருகிற மருந்தை வைத்துக்கொண்டேன். டாக்டர் எழுதித் தந்தது தீர்ந்ததும் ஒரு மருந்துக் கடையில் பழைய அட்டையை நீட்டினேன். கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். டாக்டரிடம் திரும்பிப் போகவில்லை. போனால் வார மாத்திரை போட்டாயா என்று கேட்பார். இப்படி எட்டு மாதம்.

யாருக்கும் சொல்லவில்லை. கணவரிடம், டாக்டர் எழுதியதோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன், வலி தானாகக் குறைந்துவிட்டது என்றேன். அட்டைகளைச் சமையலறையில் மஞ்சள் டப்பாவுக்குள் வைத்தேன். ஸ்டீராய்டு என்றால் எங்கள் குடும்பத்தில் சாராயம் என்பது போல முகம் சுளிப்பார்கள். இதற்கிடையில் என் முகம் உருண்டு வந்தது. அது அந்த மாத்திரையின் வேலை. என் கணவரின் அக்கா மட்டும், அடுத்த தெருவிலிருந்து வரும்போதெல்லாம், "மூஞ்சி நல்லா தெளிஞ்சு வருதே! கண்ணு பட்டுராம" என்பார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

அப்புறம் கர்க்கடகம் வந்தது.

நமக்கு ஆடி, இங்கே கர்க்கடகம். மழை விடாமல் பெய்யும் மாதம். திருவனந்தபுரத்தில் பாதி ஊர் அந்த மாதத்தில் உடம்பைச் செப்பனிடும். மருந்துக் கஞ்சி, கஷாயம், எண்ணெய்ப் பிழிச்சல். தலைமுறைகளாக இங்கே இருக்கிற எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அதற்குத் தலைமை மதினி. அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார்.

"கர்க்கடகத்துல வேற மருந்து ஒண்ணும் வாயில வைக்கப்பிடாது கேட்டியா? ஒரு மாசம் உடம்ப வெறுசா விடணும். கெட்டதெல்லாம் இறங்கணும்."

எனக்கு அது சாமி கொடுத்த சாக்கு போல இருந்தது. ஒளித்து வைத்து விழுங்கும் மாத்திரை எனக்கே கூச்சமாகிவிட்டிருந்தது. முதல் தேதியோடு நிறுத்தினேன், ஒரே நாளில், முழுதாக.

ஒன்றை நேர்மையாக எழுதிவிடுகிறேன். மதினி கூட்டிப்போன ஆயுர்வேத வைத்தியர் என்னிடம் கேட்டார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று, நாடியில் கை வைத்தபடியே கேட்டார். மதினி பக்கத்தில் நின்றார். நான் இல்லை என்றேன். பின்னால் பலரும் அந்த வைத்தியரைத் திட்டினார்கள். அந்தத் திட்டு அவருக்கு உரியதல்ல.

முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் மூட்டெல்லாம் வலித்தது. கெட்டது இறங்குகிறது என்று நினைத்தேன். நான்காம் நாள் கஞ்சி உள்ளே நிற்கவில்லை. "குடல் சுத்தமாகுதாக்கும்" என்றார் மதினி. ஐந்தாம் நாள் காலை, கடையில் ஒரு பெண்ணுக்குக் காய் எடுத்துக் கொடுக்க எழுந்தேன். கோயில் மணிச் சத்தம் தூரமாகப் போனது. அதற்குப் பிறகு ஆட்டோவின் ஆட்டம் மட்டும் நினைவிருக்கிறது.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் ரத்த அழுத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, கருவியை மாற்றி மறுபடியும் எடுத்தார். சர்க்கரையும் இறங்கியிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று என் கணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் ஒன்றுமில்லை, கர்க்கடகக் கஞ்சி மட்டும்தான் என்று சத்தியம் செய்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு நாக்கு புரளவில்லை. ஆனால் இப்போது சொல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று அந்த அரைமயக்கத்திலும் தெளிவாகத் தெரிந்தது. "மஞ்சள் டப்பா" என்றேன். பிதற்றுகிறேன் என்று நினைத்தார்கள். மறுபடியும் சொன்னேன். என் கணவர் மதினிக்குப் போன் செய்தார்.

மதினிதான் கொண்டுவந்தார். மழையில் நனைந்து, சேலைத் தலைப்புக்குள் டப்பாவை அணைத்துக்கொண்டு வந்து, டாக்டர் மேசையில் கவிழ்த்தார். மஞ்சள் படிந்த காலி அட்டைகள். டாக்டர் ஒன்றைத் துடைத்துப் பெயரைப் பார்த்ததும் ஊசி எழுதினார். அன்று சாயங்காலம் நான் டீ கேட்டேன். அவ்வளவு வேகம்.

மறுநாள், முதலில் என் நோய்க்குப் பெயர் சொன்ன அதே டாக்டர் வந்தார். கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மலையாளி. என்னிடம் தமிழில் பேச முயன்றார்.

"ஸ்டீராய்டு பெட்டென்னு நிறுத்தக் கூடாது அம்மே. சிறுநீரகத்துக்கு மேலே ரெண்டு சின்ன சுரப்பி உண்டு. இந்த ஸ்டீராய்டு மாதிரி ஒரு பொருள உடம்புக்கு அதுதான் செய்து கொடுக்கும். நீங்க எட்டு மாசம் வெளியிலேருந்து கொடுத்தீங்க, அது உறங்கிப்போச்சு. நீங்க நிறுத்துன அன்னைக்கு அது எழுந்திருக்கலை."

"நிறுத்துனா இப்படி ஆகும்னு நீங்க அன்னைக்கே சொல்லலியே டாக்டரே" என்றேன். எனக்குக் கோபம் வந்தது.

"சீட்டுல எழுதியிருந்தேன்."

"எழுதுனீங்க. எனக்குப் பயமா இருக்கான்னு கேட்டீங்களா? அந்தத் தாள வாசிச்சுட்டு நாங்க ரெண்டுபேரும் உறைஞ்சு போய் இருந்தோம். அதுக்கு யாருகிட்ட பதில் கேக்க? மருந்துக் கடையிலயா?"

என் கணவர் என் தோளைத் தொட்டார், போதும் என்று. நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன்.

டாக்டர் நாற்காலியை இன்னும் பக்கமாக இழுத்தார். பிறகு, "சரியாணு" என்றார். "இப்ப கேளுங்க. எல்லாம் சொல்லாம்."

கேட்டேன். வார மாத்திரை என் கல்லீரலைக் கெடுக்குமா? கெடுக்கலாம் என்றார். அதற்காகத்தான் முதலில் மாதா மாதமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் ரத்தப் பரிசோதனை. கெட ஆரம்பித்தால் நமக்கு முன்கூட்டியே தெரியும், குறைக்கலாம், நிறுத்தலாம், பெரும்பாலும் கல்லீரல் தேறிவிடும். போடாவிட்டால்?  அன்று காலை எடுத்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது மணிக்கட்டு எலும்பில் எலி கொறித்தது போல ஓர் இடம்.

"வலி இல்லாத மாசங்கள்ல நடந்ததா இது?"

"அதே, ஆமா. ஸ்டீராய்டு வலிய மறைச்சு. நோய் அதன் பணி செய்துகிட்டே இருந்து. இந்த எலும்பு இனி திரும்ப வராது கேட்டோ."

எட்டு மாதமாக நான் தராசில் ஒரு தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து என்ன கெடுக்கும் என்ற தட்டு. மருந்தில்லாமல் நோய் என்ன கெடுக்கும் என்ற தட்டில் என் மணிக்கட்டு கிடந்தது, அதை யாரும் ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. பாதி என் மேல், பாதி தலையாட்டினால் போதும் என்று நோயாளியை அனுப்பிவிடுகிற அவசரத்தின் மேல்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் கையிலும் ஏதோ ஒரு மாத்திரை அட்டை இருக்கும், சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மூட்டுக்கோ. போடு என்றோ விடு என்றோ நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, கெடுதல் வந்தால் முதலில் எங்கே தெரியும், நிறுத்துவதென்றால் எப்படி நிறுத்த வேண்டும் என்று கேட்டுப் பதில் வாங்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

நான் வார மாத்திரையைத் தொடங்கினேன். புதன்கிழமை. மறுநாள் குமட்டும் என்றார்கள், எங்கள் கடையில் வியாழன்தான் கூட்டம் குறைந்த நாள். அட்டையின் பின்புறம் 'புதன் மட்டும்' என்று பேனாவால் எழுதினேன். இதைத் தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் இந்தத் தடவை இரண்டு முறை சொன்னார், என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். வெள்ளை மாத்திரையை மறுபடியும் தொடங்கி, நகக்கணு அளவுக்குக் குறைத்துக் குறைத்து, மாதக்கணக்கில் இறங்கினோம்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் பொய். வியாழக்கிழமைகள் எனக்குப் பிடிக்காது, காப்பி வாசனையே ஆகாது. சீப்பில் முடி வந்தது. உறவில் ஒருவர், "அது புற்றுக்குள்ள மருந்துல்லா? வேற வழியில்லாமலா அத திங்க?" என்றார். முடி போனால் போகட்டும், கை இருக்கட்டும் என்றேன். ஒரு தடவை ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதியின் எண் ஏறியது. மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, அளவைக் குறைத்து, மறுபடியும் தொடங்கினோம். அந்த இரண்டு வாரமும் பயந்தேன். ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு எண் இருந்தது, அதைக் கேட்க ஓர் ஆளும் இருந்தார்.

வலது கை மோதிர விரல் இப்போது முழுதாக மடங்காது. காயை இடது கையால் தட்டுகிறேன். இடது கைக்குப் பழக்கம் போதவில்லை, இரண்டு அழுகல் காய்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டன. வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். மாற்றிக் கொடுத்தேன். முன்பெல்லாம் உடம்பு சொல்லாமலே வேலை செய்யும். இப்போது காலையில் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுகிறேன். நாளும் ஞாயிறு திங்கள் என்று ஓடுவதில்லை. புதனிலிருந்து புதன் வரை ஒரு வாரம், ரத்தம் எடுப்பதிலிருந்து ரத்தம் எடுப்பது வரை ஒரு பருவம்.

அடுத்த கர்க்கடகமும் வந்தது. கஞ்சியில் என்னென்ன போடுவோம் என்று முன்பே டாக்டரிடம் சொல்லியிருந்தேன். அரிசியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் போதும், கஷாயம் வேண்டாம் என்றார். மதினியிடம் அப்படியே சொன்னேன். 

மறுநாள் மழையில் குடையோடு தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தார். கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தார். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் கரண்டியை எடுத்தேன்.

"இரி" என்றார் மதினி. "இன்னைக்கு புதனாக்கும். மாத்திரை எங்க?"

எழுந்து போய் அட்டையை எடுத்துவந்து, எல்லார் கண் முன்னாலும் மேசையில் வைத்துப் பிரித்தேன். மதினி தண்ணீர்த் தம்ளரை என் இடது கைப்பக்கம் நகர்த்தினார். மாத்திரையை விழுங்கினேன். பிறகு கஞ்சியைக் குடித்தேன், கடைசிச் சொட்டு வரை.

எங்கள் சமையலறை மஞ்சள் டப்பாவில் இப்போது மஞ்சள்தான் இருக்கிறது.