எத்தினை வருசமா வெறி?

என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கலஹாவிலுள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகியிருந்தது. போகும்போது சண்டையில்லை, அழுகையில்லை. பிறகு தொலைபேசியில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். குடியை விட நினைக்கிறவர்கள் சனிக்கிழமை காலையில் கண்டியில் கூடுகிறார்களாம், தமிழில்தான் பேசுவார்களாம். அங்கே போனால் திரும்பி வருவாள். போகாவிட்டால் மகளைக் கலஹாவிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாள்.

இடத்தை விசாரித்து எழுதி அனுப்பியவன் அவள் அண்ணன். அவனுக்கு என்மேல் அக்கறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை மட்டம் தட்ட வழி தேடிக்கொண்டிருந்தவன், இப்போது விலாசத்தோடு தட்டினான்.

நான் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒருநாளும் குடித்துவிட்டு வேலைக்குப் போனதில்லை. அதை ஒரு பட்டம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குடிகாரன் என்றால் சாக்கடையோரம் கிடப்பவன். நான் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மரியாதையாகக் குடிப்பவன். அந்தச் சனிக்கிழமையோடு அதையும் தொடாமல் ஆறு நாளாகியிருந்தது.

வீடு இருக்கிற குண்டசாலையிலிருந்து பஸ் ஏறி கண்டிக்குப் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபம் என்று எழுதியிருந்த மகராசன், எந்தத் தேவாலயம் என்று எழுதவில்லை. கண்டியில் தேவாலயத்துக்கா பஞ்சம்? முதலில் போன இடத்தில் ஓர் அம்மா கல்யாணப் பதிவுக்கா என்று கேட்டார். இரண்டாவது இடம் பூட்டியிருந்தது. கடைசியில் ஒரு த்ரீவீலர்காரரிடம், "இங்கே ஒரு கூட்டம் நடக்குமாமே" என்று சிங்களத்தில் இழுத்தேன். "குடிகாரர்களுடைய கூட்டம்தானே?" என்று அவர் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி திருப்பிக் கேட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை காட்டிய பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

மண்டபத்தில் ஒன்பது பேர் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார்கள். அதுவும் ஆறிப்போயிருந்தது.

கூட்டத்தை நடத்தியவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"உமக்கு எத்தினை வருசமா வெறி?"

எங்கள் பக்கம் யாரும் யாரையும் 'நீர்', 'உமக்கு' என்று பேசுவதில்லை. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். வெறியா? நாங்கள் குடித்தவனைத் தண்ணி போட்டிருக்கான் என்போம். வெறி பிடிப்பது நாய்க்கு.

"யாரப் பாத்து வெறிங்கிறீங்க? நான் என்ன, கண்டவனையும் கடிச்சிட்டா வந்திருக்கேன்?" என்று கத்தினேன். கதிரை பின்னால் விழுந்தது.

அவர் அசையவில்லை. "இரும், தம்பி. குடியைத்தான் கேட்டனான். எங்கட ஊரில குடிக்கு வெறி எண்டுதான் சொல்லுறது. எனக்கும் இருந்தது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முஸ்லிம் கடைக்காரர் கதிரையை நிமிர்த்தி வைத்தார். "கோவிக்காதீங்க நானா. எனக்கும் மொத நாள் அப்படித்தான் சுருக்குண்டிச்சி" என்றார். அவர் 'நானா' என்று அண்ணன் முறை வைத்து அன்பாகப் பேசியது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே நின்று மனைவிக்குப் போன் போட்டேன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. ஒங்க அண்ணன் எங்க அனுப்பி வச்சிருக்கான் தெரியுமா, என்னைய நாயின்னு சொல்றானுங்க, நான் யாருன்னு நெனச்சானுங்க என்று மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினேன். ரோட்டில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

நான் நிறுத்தியதும் அந்தப் பக்கத்திலிருந்து மகள் கேட்டாள்.

"அப்பா, குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல பாப்பா."

"பொய் சொல்லாதீங்க. குடிச்சா இப்படித்தான் பேசுவீங்க."

"சத்தியமா இல்ல பாப்பா. அம்மாகிட்ட குடு."

"தர மாட்டேன். நீங்க தூங்கி எந்திரிச்சிட்டுப் பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.

காலை பத்து மணி. ஆறு நாளாக ஒரு சொட்டுக்கூடத் தொடாத வாயால் பேசியிருந்தேன். யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை.

திரும்ப உள்ளே போனேன். மனம் திருந்தியெல்லாம் இல்லை, போக வேறு இடமில்லை. கிளார்க் ஒன்றும் நடக்காதது மாதிரி அதே கதிரையைக் காட்டினார். அவரை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பெரிதாகப் பிடிக்காது.

"பதினஞ்சு வருசம்" என்றேன்.

"பிள்ளையள் இருக்கினமோ?"

"ஒரு மக. பன்னெண்டு வயசு."

சொல்லி முடித்த பிறகுதான் கணக்கு எனக்கே உறைத்தது. அவள் பிறக்க மூன்று வருசம் முன்னாலேயே நான் தொடங்கிவிட்டேன். குடிக்காத அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.