மண்ணக்கா காப்பாற்றிய குருட்டுப் பாம்புகள்

அந்த நாற்றுப்பண்ணையில் அவளை எல்லாரும் மண்ணக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷமாகத் தொட்டிக்கு மண் சலிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? செடி வாங்க வருகிறவர்கள் பூவைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். வேரைப் பார்க்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது? அவளுக்கு இருந்தது.

சல்லடையில் அடிக்கடி குருட்டுப் பாம்பு அகப்படும். மற்றவர்கள் அதை மண்புழு என்று விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் பாம்பு என்று அலறி மிதித்துவிடுவார்கள். இரண்டும் தப்பு. அரைச் சாண் நீளம், ஷூ கயிறு கனம், கறுத்த மினுமினுப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாய் இரண்டு புள்ளி. கையில் எடுத்தால் வால் நுனி முள்ளால் லேசாகக் குத்திப் பார்க்கும், அவ்வளவுதான் அதன் வீரம். விஷமும் கிடையாது, மனிதரைக் கடிக்க வாயும் போதாது. ஆனால் எறும்பு முட்டையைக் கண்டால் விடாது. எறும்பு குறைந்தால், அது வேரில் வளர்க்கும் மாவுப்பூச்சியும் குறையும் என்பது மண்ணக்காவின் கணக்கு. அதனால் பெரிய தொட்டிகளில் தொட்டிக்கு ஒன்றாக விட்டு மண்ணை மூடிவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

தொட்டிகளுக்குப் பூச்சிமருந்து ஊற்றுவது அவளுடைய சம்பந்தியம்மாவின் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அது. அந்த அம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை, மருமகள் துணி மடித்தால்கூட அதில் நாலு குறை கண்டுபிடிப்பாள். வேலையிலும் அப்படித்தான், ஒரு தொட்டி தப்பாது.

கடல் தாண்டி ஒரு தீவுக்கு முந்நூறு தொட்டி போக வேண்டியிருந்தது. மண்ணில் ஓர் உயிரும் இருக்கக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றச் சொன்னார்கள். மண்ணக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மருந்து ஊற்றுவதற்கு முந்தின நாளே பாம்புகளைப் பொறுக்கி ஈரமண் வாளியில் போட்டு வைத்தாள். மருந்து வாடை அடங்கியதும் திரும்பத் தொட்டிகளில் விட்டாள். போகிற ஊரிலும் எறும்பு இருக்குமே என்று நினைத்தாளாம், புத்தி போன போக்கைப் பாருங்கள்.

துறைமுகத்தில் கவிழ்த்துப் பார்த்த முதல் தொட்டியிலேயே ஒன்று நெளிந்தது. பரிசோதகர் பண்ணைக்கே வந்துவிட்டார்.

"இதுல ஆணே கிடையாது. எல்லாம் பொட்டை. ஒண்ணு கரையேறினாப் போதும், தானா முட்டை வச்சுத் தீவு பூராப் பெருகிடும்" என்றார். முந்நூறு தொட்டியையும் எரித்துவிட்டார்களாம்.

முதலாளி சம்பந்தியம்மாவைப் பார்த்தார். "மருந்து ஊத்துனதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஊத்தியிருந்தா அது எப்படி உசுரோட இருக்கும்?"

"சத்தியமா ஊத்துனேன்யா."

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

மண்ணக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். வாயைத் திறந்தால் தன் வேலை போகும். திறக்காவிட்டால், ஒரு பாவமும் அறியாதவள் தெருவில் நிற்பாள்.

"ஐயா, அவங்க ஊத்துனாங்க. நான்தான் பாம்பைப் பொறுக்கி வச்சிருந்து, அப்புறமாத் திரும்ப விட்டேன்."

முதலாளி சிரித்துவிட்டார். "பாம்பைக் கையால பொறுக்கினீங்களா? சம்பந்திக்காகக் கதை விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு, மண்ணக்கா."

வாளியை எடுத்துவந்து அவர் முன்னால் கொட்டினாள். வெறும் மண். எல்லாவற்றையும்தான் தொட்டியில் விட்டாயிற்றே. அவர் போய்விட்டார்.

வாசலில் சம்பந்தியம்மா காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மண்ணக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவகூட எனக்காக இப்படி வந்து நின்னதில்ல."

"இல்ல சம்பந்தி, நான் சொன்னது நெசம்."

"போதும். உங்க மனசு எனக்குத் தெரியாதா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த வாரம் முழுக்க மண்ணக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், காலில் விழுந்தாவது நம்ப வைத்துவிடுவது என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிய நேரத்தில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, அத்தை இப்பல்லாம் என்னை ஒரு சொல் சொல்றதில்ல. உங்கம்மா மாதிரி ஒருத்தி உண்டான்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நேத்து எனக்குத் தலை வாரி விட்டாங்கம்மா. அப்படி என்னம்மா பண்ணினே?"

மண்ணக்கா செருப்பைக் கழற்றினாள். "ஒண்ணும் பண்ணலடி" என்றாள்.

அதற்கப்புறம் அந்த உண்மையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.