தாளம் போட்ட கை

காளவாசல் பக்கம் ஒரு கல்லூரியில் இசைக் கருத்தரங்கு. மைக் செட் என்னுடையது. அங்கேதான் அந்தப் பேராசிரியரைப் பார்த்தேன். கதர் ஜிப்பா, வெள்ளைத் தாடி. வலது கை மட்டும் எந்நேரமும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். மேலே சுற்றிய ஃபேன் சத்தத்துக்குக்கூடப் போட்டார்.

இசையில் சாதி என்பது அவர் தலைப்பு. வாசலில் பறையடித்து அவரை வரவேற்ற நால்வர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்தார்.

“அண்ணே, எங்களப் பத்தித்தான பேசப் போறாரு? உள்ள வந்து கேக்கலாமா?”

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

“பறைச் சத்தம் ஹாலுக்குள்ள தாங்காதேப்பா.”

“பறைய வெளிய வச்சிட்டு வாராங்களாம் சார். சும்மா கேக்கணுமாம்.”

தொடையில் கை நின்றது. மனிதர் வெட்கப்படுகிறார் என்றே நினைத்தேன்.

“ரெஜிஸ்டர் பண்ணிருக்காங்களா?” என்றார்.

இல்லை என்றேன். கை மறுபடி தாளத்தைப் பிடித்துக்கொண்டது.

பறையை வாசலுக்கு வெளியே நிறுத்தியது யார் என்று மேடையில் ஒரு மணி நேரம் முழங்கினார். நல்ல கைதட்டல்.

அவர் கிளம்பியபோது அதே நால்வர்தான் பறையடித்து வழியனுப்பினார்கள். கேட்டவர்கள் கால்கூடச் சும்மா நிற்காத அடி. ஃபேனுக்கே தாளம் போட்டவரின் கை அப்போது அசையவேயில்லை. ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.