தொண்டூர் பஸ்ஸும் அகப்படாத கண்ணனும்

அனுஷா செஞ்சியில் பரதநாட்டியம் கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை ஏழு உருப்படிகள், அதாவது ஏழு பாட்டுக்கு ஆட்டம், கற்றிருக்கிறாள். ஏழிலும் அவளுக்குத் தெரிந்தது முதல் பாதி மட்டும்தான். சிரிக்காதீர்கள், பாவம், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுக்க ஐந்தே முக்கால் பஸ்ஸுடையது.

தொண்டூர்ப் பெண். பதினாறு வயது. செஞ்சியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மாடியில் மங்கை மிஸ் நடத்தும் வகுப்புக்குப் போவாள். வகுப்பு ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை. ஊருக்குப் போகும் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அதை விட்டால் அடுத்தது எட்டேகாலுக்குத்தான். மிஸ் எந்த உருப்படியை எடுத்தாலும் முதல் பாதி முடியவும் பஸ் கிளம்பவும் சரியாக இருக்கும்.

"எட்டேகால் பஸ்ஸுல பொம்பளப் புள்ள வர்றதாவது! அந்தப் பேச்சே வாணாம்" என்று அவளுடைய நைனா கோவிந்தசாமி ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

டிரைவர் ராஜாங்கம் வண்டியை எடுக்கும் முன்னால் ஒரு ஹாரன் அடிப்பார். அது என்ன சாதாரண ஹாரனா? ராஜகிரிக் கோட்டைக்கு மேலே இருக்கிற குரங்குகூட ஒரு நிமிஷம் நின்று கேட்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அனுஷா எந்த அடவில் இருந்தாலும் அப்படியே நிறுத்துவாள். தரையைத் தொட்டுக் கும்பிடுவாள். பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். சலங்கையைக் கழற்ற ஏது நேரம்? அதை பஸ்ஸில் உட்கார்ந்து கழற்றிக்கொள்வாள். ஜல் ஜல் என்று சத்தம் கேட்டாலே பூக்கார மீனம்பாள் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விடுவாள்.

இதில் ரொம்பக் கூத்தானது வெண்ணெய்க் கண்ணன் சமாச்சாரம். அந்த உருப்படியின் முதல் பாதியில் கண்ணன் உறியை எட்டி வெண்ணெய் திருடுவான். இரண்டாம் பாதியில் யசோதை அவனைக் கையும் களவுமாகப் பிடித்து உரலில் கட்டுவாள். அனுஷாவின் கண்ணன் ஆறு மாதமாகத் திருடிக்கொண்டே இருந்தான். ஒரு நாள்கூட அகப்படவில்லை.

"இப்டி ஒரு கண்ணன நான் பாத்ததே இல்லடி. போலீஸ்ல சொன்னாத்தான் புடிப்பாங்க போல" என்று மங்கை மிஸ் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு காதுகுத்து விசேஷத்தில் குட்டு உடைந்தது. சொந்தக்காரர்கள் கூடி, "எங்க, ஆடிக் காட்டு பாப்பா" என்றார்கள். அனுஷா ஆடினாள். பாதியில் கும்பிட்டு நின்றாள். "அவ்ளோதானா?" என்று நாலு பேர் கேட்டார்கள். கோவிந்தசாமிக்கு முகம் தொங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"வணிகர் சங்க விழாவுல ஆடப்போறியாமே? அங்க ஒண்ணயாவது முழுசா ஆடி முடி. முடிச்சா டான்ஸு கிளாஸு. இல்லாங்காட்டி டைப்ரைட்டிங் கிளாஸு."

படிப்பில் அனுஷா சுமார். சமையலில் படுமோசம். ஆடும்போது மட்டும்தான் அவளுக்குத் தன்னையே பிடிக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் டைப்ரைட்டிங்கில் போட்டால் பிள்ளை என்ன செய்வாள்?

காப்பாற்ற வந்தவள் இர்பானா. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் மகள், அனுஷாவின் வகுப்புத் தோழி. மங்கை மிஸ்ஸிடம் அவள் கற்பது பாட்டு, ஆட்டத்துக்குப் பாடுவதும் அவள்தான். வீடு இரண்டு தெரு தள்ளி. அதனால் ஆறரை வரை இருப்பாள், இரண்டாம் பாதி முழுக்கப் பார்த்திருப்பாள். பார்த்ததை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆடிக் காட்டினாள். இரண்டே வாரத்தில் அனுஷாவின் யசோதை தயார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. மேடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்க மைதானத்தில். நாலரைக்கு ஆட வேண்டியது. பேச வந்தவர்கள் விட்டால்தானே! ஒருவருக்கு ஒருவர் பொன்னாடை போர்த்தி, போர்த்தியவருக்கு மறுபடி இவர் போர்த்தி, அனுஷா மேடை ஏறும்போது மணி ஐந்து முப்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமையும் தொண்டூர் பஸ் உண்டு என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

"இன்னா நடந்தாலும் பாட்ட மட்டும் நிறுத்தக் கூடாது" என்று மங்கை மிஸ் இர்பானாவை எச்சரித்தாள். கோவிந்தசாமி முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணன் பதுங்கி வந்தான். உறியை எட்டினான். வெண்ணெயில் கையை விட்டான்.

ஹாரன் அடித்தது.

அனுஷாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். பையைத் தூக்கினாள். ஜல் ஜல் என்று மேடையை விட்டு இறங்கி ஓடி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சலங்கையில் கை வைத்தபோதுதான் சுரீர் என்றது. ஐயோ! நிமிர்ந்து பார்த்தாள். முன் சீட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தது சாட்சாத் கோவிந்தசாமி.

"நீ இன்னா இங்க?" என்றார் அவர்.

"நீங்க இன்னா நைனா இங்க?"

"ஹாரன் அடிச்சானே..." என்று இழுத்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. காலி மேடையைப் பார்த்துக்கொண்டு இர்பானா அதே வெண்ணெய் வரியைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. அனுஷா குதித்து இறங்கினாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் இர்பானா வேறு வழியில்லாமல் இரண்டாம் பாதிக்குப் போய்விட்டாள். மேடைக்கு ஓடிச் சேர்வதற்குள் பாதிப் பாட்டு போய்விடும். அனுஷா பையைக் கீழே போட்டாள். பஸ்ஸுக்கு எதிரிலேயே ஆட ஆரம்பித்துவிட்டாள்.

ராஜாங்கம் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. இன்னும் நீளமாக அடித்தார். யசோதை அந்த ஹாரனையே ஒரு முறை முறைத்துவிட்டு, கண்ணனைத் தேடினாள். ஆனால் யசோதையின் இடது கை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எதையோ ஏந்தியபடியே இருந்தது. வேறொன்றுமில்லை, சைக்கிள் ஸ்டாண்டில் இர்பானா சொல்லிக்கொடுத்ததெல்லாம் இடது கையில் டிபன் பாக்ஸோடு. கீழே வைத்தால் காக்காய் விடாதே! அனுஷா அதையும் சேர்த்தே கற்றிருந்தாள். யசோதை ஒற்றைக் கையாலேயே கண்ணனைப் பிடித்தாள். ஒற்றைக் கையாலேயே கட்டினாள்.

ராஜாங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியைப் பின்னால் எடுத்து, ஒடித்துத் திருப்பினார். "ஏறு பாப்பா, ஏறு!" என்று படியில் தொங்கிக் கத்திய கோவிந்தசாமி, பஸ் நகர்ந்ததும் என்ன நினைத்தாரோ, பொத்தென்று கீழே குதித்தார். பஸ் போய்விட்டது. அனுஷா கடைசி அடியை வைத்துக் கும்பிட்டாள். சுண்டல்காரர் கை தட்டினார்.

அப்பாவும் மகளும் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"முழுசா முடிச்சிட்டேன் நைனா" என்றாள் அனுஷா.

"பாத்தேன், பாத்தேன். ரெண்டாம் பாதிதான் நல்லாருக்குது. அந்த எடது கைய ஏந்துனாப்ல வச்சிருந்தியே, அதான் டாப்பு. மிஸ் சொல்லிக்குடுத்ததா?"

"இல்ல, இர்பானா."

"அது பாட்டுக்கார பொண்ணாச்சே! அப்ப மிஸ் இன்னாதான் சொல்லிக்குடுக்குறாங்க?"

"அவங்க ரெண்டாம் பாதி சொல்லிக்குடுக்குறதெல்லாம் அஞ்சே முக்காலுக்கு அப்பறம், நைனா."

ஏழரை தாண்டியதும் எட்டேகால் பஸ்ஸுக்கு ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். துணிக்கடைப் பெண்கள், டியூஷன் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு நர்ஸம்மா. கோவிந்தசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இத்தினி பொம்பளைங்களா இந்த பஸ்ஸுல வர்றாங்க?"

"தெனமும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளையிலேர்ந்து நீயும் இதுலயே வா. ஸ்டாப்பிங்ல நான் வந்து நிக்கிறேன்."

அனுஷாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மை கலைந்து கன்னமெல்லாம் கறுப்பு.

"ஆனா ஒண்ணு" என்றார் கோவிந்தசாமி, விரலை ஆட்டி. "ராஜாங்கம் ஹாரன் அடிச்சா நீ ஓடக் கூடாது."

"நீங்களும்தான், நைனா."